விரைக்கட்டி சாதுவானதா? முடிவு செய்வதில் நடக்கும் தவறுகள்

விரைக்குள் கெட்டியான கட்டி இருந்தால் முதலில் புற்றுநோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சாதுவான, அதாவது புற்றுநோய் அல்லாத, கட்டிகள் அரிது. அதனாலேயே இரண்டு பக்கமும் சறுக்குகிறது: காப்பாற்றியிருக்கக்கூடிய விரையை எடுத்துவிடுகிறார்கள், அல்லது புற்றுநோயைச் சாது என்று விட்டுவிடுகிறார்கள்.

விரைப் புற்றுநோயைத் தேடும் ரத்தப் பரிசோதனைகளான ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் மூன்றும் நார்மல் என்றதும் நிம்மதியடைவது முதல் தவறு. விரைப் புற்றுநோயில் ஒரு வகையான செமினோமா, வேறு வகை கலக்காமல் தனியாக இருந்தால் ஏஎஃப்பி ஏறவே ஏறாது. எச்சிஜியும் பலருக்கு நார்மல்தான்.

அதிகம் ஏமாற்றுவது எபிடெர்மாய்டு நீர்க்கட்டி. ஸ்கேனில் வெங்காயத்தை நறுக்கியதுபோல் வளையம் வளையமாகத் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உள்ளே ஓட்டம் இருக்காது. நுண்ணோக்கியில் செதிள் செல்களாலான மெல்லிய சுவர், உள்ளே அடுக்கடுக்காகக் கெரட்டின் (தோலிலும் நகத்திலும் இருக்கும் புரதம்). சரி, சாது என்று ரிப்போர்ட் எழுதிவிடலாமா? கூடாது. பல வகைத் திசுக்கள் கலந்து வளரும் டெரட்டோமா என்ற கட்டியின் ஒரு மூலையும் இப்படியே தெரியலாம். கட்டியை முழுவதுமாக வெட்டிப் பார்க்க வேண்டும், அதைவிட முக்கியமாகச் சுற்றியுள்ள விரைத் திசுவையும். அங்கே விந்து நுண்குழல்களின் அடிச்சவ்வை ஒட்டி, வெளிறிய உடலும் பெரிய உட்கருவும் கொண்ட செல்கள் நின்றால், புற்றுநோய்க்கு முந்தைய செல்களைக் காட்டும் ஓசிடி 3/4 சாயமும் பிடித்தால், அது சாதுவான நீர்க்கட்டி இல்லை, டெரட்டோமா. வயதுவந்தவர்களுக்கு வரும் அந்த வகை டெரட்டோமா, பார்க்க எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பரவக்கூடியது. கட்டியை மட்டும் எடுத்து அனுப்பும்போது பக்கத்துத் திசுவும் கொஞ்சம் வேண்டும் என்று நோயியல் மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான்.

ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லெய்டிக் செல்களில் வரும் கட்டியில், அவற்றின் அடையாளமான ரைன்கே படிகங்களைத் தேடிக் காணாமல், அது இல்லை என்று ஒதுக்குவதும் உண்டு. படிகம் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் தெரியும். இந்தச் செல்களில் பிடிக்கும் இன்ஹிபின் சாயம் கைகொடுக்கும். பத்தில் ஒன்பது சாதுதான். ஆனால் 5 செ.மீ.க்கு மேல், திசு அழிவு, ரத்தக்குழாய்க்குள் ஊடுருவல் என்றால் உஷாராக வேண்டும்.

இரண்டு விரையிலும் இதேபோல் கட்டியா? கத்தியை எடுக்கும் முன் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி (அட்ரினல் சுரப்பி பெரிதாகும் பிறவி நோய்) இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நோயில் விரைக்குள் தங்கிய அட்ரினல் திசுவிலிருந்து வளரும் அட்ரினல் எச்சக் கட்டிகள் ஸ்டீராய்டு சிகிச்சையிலேயே பலருக்குச் சுருங்கும். இதைக் கேட்காமல் இரண்டையும் எடுத்தால் அதற்குப் பரிகாரமே இல்லை.

விரையை ஒட்டியிருக்கும் விந்துக் குழாயான எபிடிடிமிஸில் வரும் சாதுவான அடினோமாடாய்டு கட்டியின் குமிழ் செல்கள், வேறு உறுப்பிலிருந்து பரவிவந்த அடினோகார்சினோமா (சுரப்பித் திசுப் புற்றுநோய்) போல் பயமுறுத்தும். கால்ரெட்டினின், டபிள்யூடி1 சாயங்கள் பாசிட்டிவ் என்றால் மீசோதீலிய (உறுப்புகளை மூடும் மெல்லிய படலத்தின்) வகை என்று தெரிந்துவிடும்.

அப்புறம், சந்தேகத்தைத் தீர்க்க விரைப்பை வழியாக ஊசி குத்தித் திசு எடுக்கக்கூடாது. புற்றுநோயாக இருந்தால் செல்கள் சிந்தும். தொடை இடுக்கு வழியாகத் திறந்து, உறைதிசுச் சோதனை (திசுவை உடனே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்துத்தான் விரையைக் காப்பாற்றலாமா என்று அங்கேயே முடிவெடுப்பார்கள். இறுதி ரிப்போர்ட் அதை மாற்றவும் கூடும் என்பதை நோயாளியிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.