மனக்காயத்துக்கு உதவும்போது நேரும் தவறுகள்: காலம் அறியாத அக்கறை

விபத்து, வன்முறை, பேரிடர் போன்றவற்றில் சிக்கி மீண்ட ஒருவருக்கு உதவ முற்படுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அக்கறைக் குறைவால் நேர்வதில்லை. எந்த உதவி எப்போது பயன்படும் என்பதை அறியாததால்தான் நேர்கின்றன. முதல் சில நாட்களில் கெடுதல் செய்யக்கூடிய ஒரு செயல், சில மாதங்கள் கழித்துத் தக்க முறையில் செய்யப்படும்போது சிகிச்சையின் மையமாகவே ஆகிவிடுகிறது.

தொடக்ககாலத் துயரத்தையே நோயாகக் கருதுவது முதல் தவறு. தூக்கமின்மை, திடுக்கிடல், காட்சிகள் கண்முன் திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை முதல் வாரங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வருபவை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், சம்பவம் நடந்து இரண்டு வாரங்களுக்குள் 94 சதவீதத்தினரிடம் அறிகுறிகள் முழு அளவில் காணப்பட்டன. மூன்று மாதங்களில் அது 47 சதவீதமாகக் குறைந்திருந்தது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டுமே ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறை கூறுவதும் இதனோடு ஒத்துப்போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனக்காயம் ஏற்படுத்தக்கூடிய நிகழ்வைச் சந்திக்கின்றனர். அவர்களில் இக்கோளாறுக்கு உள்ளாவோர் 5.6 சதவீதத்தினரே. அதே வேளையில், இந்தக் கணக்கைக் காட்டி ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றும்’ என்று இருந்துவிடுவதும் பிழை. மேற்சொன்ன 47 சதவீதத்தினரை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது தவறு, நடந்ததை உடனே சொல்லவைப்பது. வாய்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருப்பதால், இதைத் தவறென்று ஏற்பதே பலருக்குக் கடினம். 1980களிலிருந்து பல நாடுகளில், சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை அமரவைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறை பரவலாக இருந்தது. தீக்காயமுற்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்து 1997இல் வெளியான ஆய்வில், 13 மாதங்களுக்குப் பிறகு அமர்வில் பங்கேற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கும் பங்கேற்காதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் கோளாறு இருந்தது. அமர்வில் பங்கேற்ற குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையாக இருந்ததால், வேறுபாடு முழுவதையும் அமர்வின் மேல் சுமத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த மற்றோர் ஆய்விலும், தொடக்கத்தில் அதிக அறிகுறிகள் இருந்தவர்களில் அமர்வு பெறாதவர்கள் தேறினர், பெற்றவர்கள் தேறவில்லை. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதல்கள் இம்முறையை வழங்க வேண்டாம் என்றே கூறுகின்றன. கோளாறைத் தடுப்பதற்கென்று பென்சோடயசெபைன் வகை அமைதியூட்டும் மாத்திரைகளைத் தருவதையும் அவை விலக்குகின்றன.

அப்படியானால் முதல் நாட்களில் செய்ய வேண்டியது என்ன? பாதுகாப்பு, உணவு, உறக்கம், உறவினரோடு தொடர்பு, நம்பகமான தகவல் இவற்றை உறுதிசெய்வதே. பாதிக்கப்பட்டவர் தாமாகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்கலாம். துருவிக் கேட்கக் கூடாது.

மாதங்கள் கடந்தும் அறிகுறிகள் நீடிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இப்போது வீட்டார் செய்யும் தவறு, நினைவூட்டும் எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாமல் அகற்றிக்கொண்டே இருப்பது. விபத்து நடந்த சாலையைச் சுற்றிப் போவதும், அந்தப் பேச்சு எழுந்தாலே மாற்றுவதும் அன்பின் வெளிப்பாடுகள்தான். ஆயினும் ஒவ்வொரு தவிர்ப்பும் ‘அந்த நினைவு ஆபத்தானது’ என்ற பாடத்தையே மனதுக்கு மீண்டும் கற்பிக்கிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை இதை உடைப்பதற்கானது: பயிற்சி பெற்றவரின் துணையோடு, பொதுவாக 8 முதல் 15 அமர்வுகளில், நினைவையும் தவிர்த்த இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது.

முன்பு கூடாதென்ற பேச்சுத்தானே இது என்று கேட்கலாம். ஒரே அமர்வில் கிளறிவிட்டு, அச்சம் உச்சத்தில் இருக்கும்போதே அனுப்பிவிடுவது வேறு. அச்சம் வந்தாலும் எதுவும் நேர்ந்துவிடவில்லை என்று மனம் அறியும்வரை, அடுத்தடுத்த அமர்வுகளில் உடனிருப்பது வேறு.

ஆலோசனை என்ற பெயரில் நடப்பதெல்லாம் இத்தகைய சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. குறிப்பாக, மறந்துபோன கொடுமையை மீட்டெடுப்பதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. நினைவுகளை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக வெறுமனே கூறப்பட்ட 24 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர், நடக்காத அந்த நிகழ்வை ஓரளவேனும் நினைவுகூர்ந்தனர்.

தொடக்க அமர்வுகளில் துயரம் சற்றுக் கூடினால், சிகிச்சை கெடுதல் செய்கிறதென்று நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடப்பதே. 2002இல் ஃபோவாவின் குழுவினர் ஆராய்ந்தபோது, அவ்வாறு அறிகுறிகள் கூடியது சிறுபான்மையினருக்கே. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இடையில் விலகவும் இல்லை, குறைவாகப் பயன்பெறவும் இல்லை. ஆகவே, நிறுத்துவதற்கு முன் அந்தக் கூடுதல் துயரத்தைச் சிகிச்சையாளரிடமே சொல்லி, அமர்வின் வேகத்தை மாற்றக் கேட்கலாம்.