பாராஃபின் பிளாக் டிஎன்ஏ: நான் விழுந்த குழிகள்

போன வாரம் எங்கள் லேபில் பயிற்சிக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவி திரையைக் காட்டி, "அக்கா, ரெண்டு ரன்லயும் அதே மியூட்டேஷன் வந்திருக்கு. அப்ப நிஜம்தானே?" என்றாள். குடித்துக்கொண்டிருந்த கோப்பி புரையேறியது. இதையே ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், அவளைவிட அதிகத் தைரியமாக.

கையுறை போடு, குழாயில் பெயர் எழுது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபார்மலினில் ஊறிப் பாராஃபின் மெழுகில் பதிந்த கட்டித் திசு (பிளாக் என்பது இதைத்தான்) நுண்ணோக்கிக்கு அருமையாக இருக்கும். உள்ளே டிஎன்ஏ படும் பாடு வேறு. இழைகள் துண்டாகும், புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் ஏ, சி, ஜி, டி. அதில் சி எனப்படும் சைட்டோசின்கள் சில சிதைந்து யுராசில் ஆகிவிடும். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் அது டி என்று படிக்கப்படும். எதிர் இழையிலிருந்து பார்த்தால் ஜி இருந்த இடத்தில் ஏ.

ஒரே லைப்ரரியை மறுபடி ஓட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நுரையீரல் பயாப்ஸி வந்தது. ஊசியால் எடுத்த மெல்லிய துணுக்கு. இஜிஎஃப்ஆர் மரபணுவில் டி790எம் என்ற மியூட்டேஷன், படித்ததில் சுமார் 3 சதவீதம். சந்தேகம் வந்தது உண்மைதான். அதனால் மீதியிருந்த லைப்ரரியை (படிப்பதற்காகப் பெருக்கித் தயார் செய்த டிஎன்ஏ) இன்னொரு முறை சீக்வென்சரில் ஏற்றினேன். மறுபடி 3 சதவீதம். ஆழம் 5,000 ரீட், அதாவது அந்த இடத்தை 5,000 முறை படித்தது. இதைவிட என்ன வேண்டும் என்று அறிக்கை எழுதிவிட்டேன்.

பெத்தாலஜி டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவருக்கு மருந்தே தொடங்கவில்லையே, இது எப்படி வந்தது? டி790எம் பெரும்பாலும் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாதிரி மாத்திரைகளுக்கு நோய் பழகிய பிறகு தலைகாட்டுவது. அதற்கு முன் அபூர்வம்.

கணக்கைப் பாருங்கள். 1 நானோகிராம் மனித டிஎன்ஏவில் மரபணுத்தொகுதியின் சுமார் 300 பிரதிகள் இருக்கும். நான் போட்டது 10 நானோகிராம், அதாவது 3,000 பிரதி. ஆனால் அது காகிதத்தில். பழுதான டிஎன்ஏவில் 50க்கு ஒன்றுதான் பெருகும் நிலையில் இருந்தது என்று வைத்துக்கொண்டால் லைப்ரரிக்குள் போனது வெறும் 60 மூலக்கூறு. அதில் இரண்டு பழுதாக இருந்தாலே 3 சதவீதம் வந்துவிடும். 5,000 ரீட் என்று நான் மார்தட்டியது அந்த 60 பேர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டதுதான். தேக்கா சந்தையில் ஒரே கடையில் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டு, சந்தை விலையே இதுதான் என்று வீட்டில் போய்ச் சொல்வது போல.

சரியான வழி, அதே பிளாக்கிலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுத்து, தனித்தனியாக இரண்டு லைப்ரரி செய்வது. தற்செயலாக வந்த பழுது இரண்டிலும் அதே இடத்தில் வருவது அரிது. ஆனால் நான் போய்ப் பார்த்தபோது பிளாக்கில் மெழுகு தேய்ந்து, அடியில் கேசட்டின் பிளாஸ்டிக் வரிகள் தெரிந்தன. கடைசியாகக் கிடைத்த செக்‌ஷன்களை வைத்துச் செய்தோம். இரண்டிலும் டி790எம் இல்லை. அதற்குள் பத்து நாள் போய்விட்டது, காத்திருந்தது ஒரு மனிதர்.

அதனால் முதலில் பிரதிகளை எண்ணுங்கள். மொத்த டிஎன்ஏவை அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் எண் எனக்குக் கால் காசு பெறாது. பெருகக்கூடிய டிஎன்ஏவை கியூபிசிஆரில் (பெருகப் பெருக அளக்கும் பிசிஆர்) அளந்து பாருங்கள். முடிந்தால் பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் யூஎம்ஐ என்ற தனி அடையாளம் ஒட்டுங்கள். உண்மையில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது அப்போது தெரியும். டிஎன்ஏ போதாதபோது பிசிஆர் சுற்றைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் பைப்பெட்டைக் கொடுக்காதீர்கள்.

யூடிஜி போட்டாச்சு, போதும்

போதாது. தோமஸ் லிண்டால் 1974இல் கண்டறிந்த யூடிஜி என்ற இந்த நொதி (2015இல் டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுக்காக நோபெல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்) யுராசிலை வெட்டி எடுத்துவிடும். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் சியை அடுத்து ஜி வரும் இடங்களில் அந்த சியில் பெரும்பாலும் மெத்தில் ஒட்டியிருக்கும். அது சிதைந்தால் நேராக டி ஆகிவிடும். யூடிஜி கண்ணுக்கு அது சாதாரண டி. இஜிஎஃப்ஆரின் 790ஆவது கோடான் (மூன்றெழுத்துச் சொல்) என்ன தெரியுமா? ஏசிஜி. அதுவே ஏடிஜி ஆனால் டி790எம். இன்னொன்று, யுராசில் போன இடத்தில் இழை அறுந்துபோகும். அந்த 60 மூலக்கூறு இன்னும் குறையும்.

ரத்தத்தை ஒப்பிட்டுத் தப்பிப்பது

நோயாளியின் ரத்தம் ஃபார்மலினைப் பார்த்ததே இல்லை. பிறவி மாற்றங்களை அது கழித்துக் கொடுக்கும். ஆனால் ஃபார்மலின் பழுது ரத்தத்தில் இருக்காது என்பதால் "கட்டியில் மட்டும் இருக்கிறது" என்ற முத்திரையோடு பட்டியலில் வந்து உட்காரும்.

எந்தப் பாலிமரேஸ்

பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிதான் பாலிமரேஸ். அதில் டாக் என்ற வகை யுராசிலைத் தாண்டிப் போய்விடும், பிஎஃப்யூ என்ற வகை அங்கேயே நின்றுவிடும். கிட் மாற்றும்போது உள்ளே எது இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட விடுமுறை

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் ஃபார்மலினில் விழுந்த திசுவா? எத்தனை மணி நேரம் ஊறியது என்று பாருங்கள். ஊற ஊறப் பழுதும் கூடும்.

எலும்பு

கடும் அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கியதா? அமிலம் டிஎன்ஏவையும் சிதைத்திருக்கும். வேறு பிளாக் கேளுங்கள்.