பழைய கம்பெனி பிஎஃப் பணம் புதுக் கணக்குக்கு மாறாமல் நின்றது: என் அனுபவம்

முதல் வேலையின் பிஎஃப் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஏற்கவே இல்லை. யுஏஎன் (ஒவ்வொரு பிஎஃப் உறுப்பினருக்கும் உள்ள நிரந்தர எண்) போர்ட்டலின் வியூ மெனுவில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது: பழைய வேலையை விட்ட தேதி காலி. நான் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகக் கணக்கு!

பழைய ஹெச்ஆருக்கு மெயில், நினைவூட்டல், போன். "பாக்குறோம் சார்" என்பதோடு சரி. ரிலீவிங் லெட்டரை அப்லோட் செய்ய இடம் தேடினேன். அதற்கும் வழி கிடைக்கவில்லை.

கடைசியில் ஹெச்ஆரே தேவைப்படவில்லை. அதே போர்ட்டலில் மேனேஜ் என்பதன் கீழ் 'மார்க் எக்ஸிட்' இருக்கிறது. பழைய கம்பெனி கட்டிய கடைசிப் பிஎஃப் பங்களிப்பு வந்து 2 மாதம் கழிந்திருந்தால், ஆதாரோடு இணைத்த போனுக்கு வரும் ஓடிபியை வைத்து நாமே தேதியைப் போடலாம்.

இங்கேதான் எனக்குச் சில நாட்கள் வீணாயின. கடைசிப் பங்களிப்புக்குரிய மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது ஏற்கும். பிஎஃப் பாஸ்புக்கில் 'டியூ மந்த்' என்று இருப்பது சம்பள மாதத்துக்கு அடுத்த மாதம். மார்ச் சம்பளத்தின் பங்களிப்பு 04 என்று நிற்கும். அதைப் பார்த்துப் போட்ட தேதி தள்ளுபடி. பக்கத்திலேயே உள்ள 'வேஜ் மந்த்' (சம்பள மாதம்) பத்தியைப் பார்த்துப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. தேதியை நிதானமாகப் பார்த்துப் பதியுங்கள்.

பிறகு டிரான்ஸ்ஃபர் கோரிக்கை சிக்கலின்றிப் போனது. எடுத்துச் செலவழிக்காமல் மாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு: 5 வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி, மாற்றினால் பழைய வருடங்களும் அந்த 5-ல் சேரும்.