இரண்டு மூன்று நாள் மலையேற்றத்துக்கு எடை குறைந்த பை வாங்குவது எப்படி

பையைக் கடைசியில் வாங்குங்கள். பெரும்பாலானோர் முதலில் 60 லிட்டர் பையை வாங்கிவிட்டு, இடம் காலியாக இருக்கிறதே என்று மூன்றாவது பேன்ட்டையும் தடிமனான துண்டையும் உள்ளே திணிக்கிறார்கள். முதுகு வலி அங்கேதான் தொடங்குகிறது.

கொண்டுபோகும் பொருட்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் சற்று அழுத்தி அடுக்குங்கள். பொருட்கள் நிறைந்த அளவின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். உணவுக்கும் தண்ணீருக்கும் அதோடு 5 முதல் 8 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். கேரளத்தின் போனக்காடு வழியாக அகத்தியர்கூடம் (1,868 மீட்டர்) ஏறுபவர்கள் அதிருமலை முகாமில்தான் தங்குகிறார்கள். சாப்பாடும் அங்கேயே கிடைப்பதால் கூடாரமோ அடுப்போ தேவையில்லை. தண்ணீரோடு சேர்த்து 6, 7 கிலோவில் முடித்துவிடலாம், 30–35 லிட்டர் பை தாராளம். கூடாரமும் சமையலும் உங்கள் முதுகில் என்றால் கணக்கு வேறு: கூடாரம் 1.5 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1, மேட் 0.4, அடுப்பும் பாத்திரமும் 0.8, உடையும் மழைக்கோட்டும் 1.5, டார்ச், மருந்து, பவர் பேங்க் போன்ற சில்லறைகள் 0.8. இதுவே 6 கிலோ. மூன்று நாளுக்கு உலர் உணவு 2 கிலோ, தண்ணீர் 2 கிலோ, பை 1.1 கிலோ சேர்த்தால் 11ஐத் தாண்டும். அதற்கு 45–50 லிட்டர் வேண்டும். பையின் மேல் ‘50+10’ என்று போட்டிருந்தால், அந்தப் பத்து லிட்டர் மேலே நீளும் துணிக் கழுத்து. அதையும் நிரப்பினால் பாரம் தலைக்குப் பின்னால் ஏறி, ஏற்றத்தில் உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

அடுத்தது ஃப்ரேம், அதாவது பையை மடியாமல் நிமிர்த்தி வைக்கும் உட்சட்டகம். மொத்தச் சுமை 7, 8 கிலோவுக்குள் என்றால் ஃப்ரேம் இல்லாத பை போதும். அவை 500 முதல் 800 கிராம்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் ஃப்ரேம் இல்லாத பை நடுவில் மடிந்து, இடுப்புக்கு இறங்க வேண்டிய பாரம் முழுவதும் தோளில் தொங்கும். அலுமினியப் பட்டையோ பிளாஸ்டிக் தகடோ வைத்த பைகளில் 1 முதல் 1.3 கிலோ வரை உள்ளவை முதல்முறை வாங்குபவர்களுக்குப் பொருத்தம். ஐநூறு கிராம் மிச்சம் பிடித்துத் தோளைப் புண்ணாக்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள பழைய பாணிப் பைகளும் இந்தப் பயணத்துக்கு அவசியமில்லை.

உயரமான ஆளுக்கு லார்ஜ், குள்ளமானவருக்கு ஸ்மால் என்று வாங்காதீர்கள். முதுகின் நீளம்தான் கணக்கு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து டேப்பை முதுகெலும்பின் வளைவோடு கீழே இறக்குங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரு கைகளையும் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால், அவற்றுக்கு நடுவே வரும் கோட்டில் அளவு முடிகிறது. இதற்கு இன்னொருவர் உதவி வேண்டும். 43–48 செ.மீ. பெரும்பாலும் மீடியம், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவர்களின் அட்டவணையைப் பாருங்கள். பெண்களுக்கான மாடல்களில் முதுகு நீளம் குறைவாகவும் தோள் வார்கள் வளைவாகவும் இருக்கும். தோள் குறுகலான ஆண்களும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். கடையில் 8 கிலோ எடை போடச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்தி மாட்டி, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்குங்கள். வயிற்றின் மேல் அல்ல. அதன்பின் தோள் வார், பிறகு தோளுக்கு மேலுள்ள சிறிய வார், கடைசியில் நெஞ்சு வார். தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பை நீளம். இடுப்புப் பட்டை தொப்புளுக்கு ஏறினால் பை குட்டை. ஒல்லியானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இடுப்புப் பட்டையை உடலோடு இறுக்கியபிறகும் இன்னும் இழுக்க வார் மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டாம் நாளே பை வழுக்கத் தொடங்கும். பையை மாட்டியபடியே பக்கப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திரும்பச் செருக முடிகிறதா என்பதையும் அங்கேயே சோதியுங்கள்.

துணி 100 முதல் 210 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) நைலான் என்றால் நம் மலைகளுக்குத் தாங்கும். அடிப்பகுதி இன்னும் தடிமனாக இருப்பது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணிச்செடிப் புதர்கள் வெளிப்புற வலைப் பைகளைக் கிழித்துவிடும். வலைக்குப் பதில் இழுபடும் துணி வைத்த மாடல் இருந்தால் அதை எடுங்கள். உட்புறம் விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே பூசும் பாலியூரிதேன் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பல வருடம் கிடங்கில் கிடந்த தள்ளுபடிச் சரக்கில் இதைக் கவனிக்க வேண்டும்.

ரெயின் கவர் மட்டும் போதாது. மழைநீர் தோள் வார் வழியாக முதுகுப் பக்கம் இறங்கும், அங்கே கவர் கிடையாது. உள்ளே தடிமனான பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்து, உடையையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் எண்ணப்பட்டால் கணக்குக் காட்டி, திரும்பும்போது அதோடு வாருங்கள்.

சில பைகளில் பையை முதுகிலிருந்து விலக்கி நிறுத்தும் வலைப் பலகை இருக்கும்; அது வியர்வைக்கு நல்லது, ஆனால் பாரத்தைப் பின்னால் தள்ளும். 10 கிலோவுக்குள் அது பெரிய பிரச்சினை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விலைச் சீட்டைக் கிழிக்காமல், முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். விரல்கள் மரத்தால் தோள் வார் அக்குளை அழுத்துகிறது. இடுப்பெலும்பில் ஒரே இடம் சிவந்தால் பட்டையின் வடிவம் உங்களுக்குப் பொருந்தவில்லை. வார்களைச் சரிசெய்தும் மாறவில்லையென்றால் கடையிலேயே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.