புதிதாக வாங்கிய கடல்மீனைத் தனிமைத் தொட்டியில் வைக்கும் முறை

சென்னை கொளத்தூரில் கடல்மீன் விற்கும் கடைகளில் வரிசையாக அடுக்கப்பட்ட தொட்டிகள் பார்வைக்குத் தனித்தனியாக இருந்தாலும், பெரும்பாலும் அவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரே சம்ப்தான் (தண்ணீரைச் சேர்த்து வடிகட்டும் கீழ்த்தொட்டி) இருக்கும். மன்னார் வளைகுடாவில் பிடிபட்ட மீனும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய மீனும் குஞ்சுப் பண்ணையில் பிறந்த கோமாளி மீனும் அங்கே ஒரே தண்ணீரில்தான் நீந்துகின்றன. எனவே, நாம் தேர்ந்தெடுத்த மீன் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், அது நோயற்றது என்பதற்கு அந்தத் துடிப்பு சான்றாகாது. ஒரு முறை நான் கடையில் நன்றாக இரை எடுத்த பவுடர் ப்ளூ டாங் என்னும் நீலநிறக் கடல்மீன் ஒன்றை வாங்கி வந்து, நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் உப்புக்கல் அளவில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. மூன்று வாரத்துக்குள் என் தொட்டியில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. அதனால்தான் புது மீனை முதலில் தனிமைத் தொட்டியில், அதாவது நோய் இருக்கிறதா என்று கவனிக்கும் தனித் தொட்டியில், வைக்க வேண்டும்.

அந்தப் புள்ளிகள் கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணியால் வருபவை. அது மீனின் தோலுக்குள் சில நாள்கள் தங்கி வளர்ந்து, பிறகு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கூடு கட்டிக்கொள்கிறது. புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்துவிட்டது என்று நாம் நிம்மதி கொள்ளும் அந்த நாள்களில்தான், கூட்டுக்குள் அது நூற்றுக்கணக்காகப் பெருகுகிறது. பெரும்பாலான கூடுகள் 28 நாள்களுக்குள் வெடித்துவிடும். 72 நாள்கள் வரை தாங்கியவையும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே, தனிமைக் காலத்தை மீனின் நலத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒட்டுண்ணியின் சுழற்சியைக் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும். குறைந்தது 30 நாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நோய் தெரிந்தால், சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்து மறுபடி எண்ணுங்கள்.

சிறிய மீன்களுக்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட, 70 லிட்டர் அளவு பிடிக்கும் கண்ணாடித் தொட்டி போதும். டாங் போன்ற நீந்தித் திரியும் மீனுக்கு அதைவிடப் பெரியது வேண்டும். அடியில் மணலோ லைவ் ராக்கோ (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்கல்) போடக் கூடாது, ஏனெனில் அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகளே ஏற்றவை. பல மீன்கள் முதல் இரவிலேயே துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால், தொட்டியை வலை மூடியால் மூடிவிடுங்கள். ஏர் பம்ப்பில் தெறிக்கும் நுண்துளிகளின் வழியாகவும் நோய் பரவக்கூடும். அதனால் இந்தத் தொட்டி பெரிய தொட்டியிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். வலை, குழாய், வாளி எல்லாம் இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும்.

என் அனுபவத்தில், தனிமைத் தொட்டியில் நோயால் இறப்பதைவிட, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவால் இறக்கும் மீன்களே அதிகம். மீன் வாங்குவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் போட்டுவைத்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். அதன் பிறகும் தினமும் அம்மோனியாவைச் சோதித்து, சிறிதளவு தெரிந்தாலும் அதே உப்பு அடர்த்தியும் அதே வெப்பமும் உள்ள தண்ணீரைக் கொண்டு உடனே மாற்ற வேண்டும். தின்னாத இரையை அன்றன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியாவின் நஞ்சும் கூடுகிறது. எனவே, தொட்டியைக் குளிர்ந்த அறையில் வையுங்கள். மின்தடைக்கென்று பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாளில் கடையின் உப்பு அடர்த்தியைக் கேட்டுக்கொண்டு, தனிமைத் தொட்டியை முன்கூட்டியே அதே அளவில் வைப்பது நல்லது. பல கடைகளில் அது கடல்நீரின் வழக்கமான 1.025 ஒப்படர்த்திக்குக் குறைவாகவே இருக்கும். பையைத் திறந்த பிறகு நீண்ட நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது ஆபத்தானது. பைக்குள் சேர்ந்த கரியமில வாயு வெளியேறும்போது பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) உயர்ந்து, அங்குள்ள அம்மோனியா கடும் நஞ்சாகிவிடும். வெப்பம் ஒத்துவரும் வரை பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பைத்தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். பின்னர் உப்பு அடர்த்தியைப் பல நாள்களில் மெல்ல மெல்ல உயர்த்திக்கொள்ளலாம்.

முதல் சில நாள்களில் மீன் இரை எடுப்பதுதான் முக்கியம். தினமும் விளக்கைப் போடுவதற்கு முன், டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்து உடலைக் கவனியுங்கள். தனித்தனி வெண்புள்ளிகள் கிரிப்டோகாரியானைக் குறிக்கும். சலித்த மாவு தூவியது போன்ற மெல்லிய படலமும் வேக மூச்சும் சேர்ந்திருந்தால், அது வெல்வெட் என்னும் மற்றோர் ஒட்டுண்ணி நோயாக இருக்கக்கூடும். அது இரண்டு மூன்று நாளிலேயே உயிரைப் பறித்துவிடும் என்பதால் காத்திருக்கக் கூடாது. மீன் தலையை உதறினாலோ உடலைக் குழாயில் உரசினாலோ தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு, அதே வெப்பமும் பிஎச்சும் உள்ள காற்றூட்டிய நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் கண்காணித்தபடி வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்து, எள் போல வாளியின் அடியில் உதிர்வதைக் காணலாம். மீன் சாய்ந்து திணறினால் உடனே எடுத்துவிடுங்கள். இந்தக் குளியல் புழுவைக் காட்டிக்கொடுக்கும், குறைக்கும், முற்றாக ஒழிக்காது. அதற்குப் பிராசிகுவாண்டல் என்னும் புழுக்கொல்லி மருந்து தேவை.

வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் தாமிரமே நம்பகமான மருந்து. அயனி வடிவத் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். தாமிரத்தை வேறு பொருளோடு பிணைத்த கட்டுண்ட வடிவத் தயாரிப்புகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றின் உறையில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். இரண்டு மூன்று நாள்களில் படிப்படியாக அந்த அளவுக்கு உயர்த்தி, 30 நாள்கள் இறங்காமல் காக்க வேண்டும். நடுவே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். தாமிரம் இருக்கும்போது அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைச் சேர்க்கவே கூடாது.

பவளத்துக்கும் நத்தைக்கும் தாமிரம் நஞ்சு என்றாலும், அவற்றின் ஓட்டிலும் அடிக்கல்லிலும் கூடுகள் ஒட்டி வரும். அவற்றை மீனே இல்லாத வேறொரு தொட்டியில் 76 நாள்கள் வைத்திருங்கள்.

காலம் முடிந்ததும் இரு தொட்டிகளின் உப்பு அடர்த்தியைச் சமன் செய்து, மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, மீனைச் சிறு டப்பாவில் பிடித்து, தனிமைத் தொட்டியின் தண்ணீர் கலக்காமல் பெரிய தொட்டியில் விடுங்கள். தாமிரத்தில் இருந்த ஸ்பாஞ்சை மட்டும் ஒருபோதும் சம்ப்புக்குத் திருப்பிக் கொண்டுசெல்லாதீர்கள்.