மாசிக் கடைசிப் பறிப்பு: எது வத்தலுக்கு, எது விதைக்கு

ஆடியில் விதை போட்ட வீட்டுத் தோட்டம் மாசி பிறக்கும்போது களைத்துப் போயிருக்கும். கத்தரி இலை சுருண்டு காய் சின்னதாகிவிடும், வெண்டை ஆள் உயரத்துக்குப் போய் உச்சியில் மட்டும் ரெண்டு காய் வைத்துக்கொண்டு நிற்கும், பனி மாதம் முழுக்கக் கொட்டித் தீர்த்த அவரையில் அசுவினிப் பூச்சி கருகருவென்று அப்பியிருக்கும். இந்தச் சமயத்தில் பெரும்பாலும் நாம் செய்வது, தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிடுவதுதான். அப்படி விட்ட காய் முற்றி நார் பாய்ந்து குழம்புக்கும் ஆகாது, வத்தலுக்கும் ஆகாது. அதனால் மாசிக் கடைசி வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு மொத்தமாகப் பறித்துவிடுங்கள். அடுத்து வரும் பங்குனி, சித்திரை வெயிலை விட்டால் வத்தலுக்கு வேறு வெயில் கிடையாது.

பறிப்பதற்கு ரெண்டு மூன்று நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுங்கள், காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு பறியுங்கள். பறிக்கும்போதே பிரித்துப் போடுவது நல்லது: பிஞ்சும் நடுத்தரமும் வத்தலுக்கு, கொஞ்சம் முற்றியது அன்றைய சமையலுக்கு, சொத்தை மாட்டுக்கோ எருக்குழிக்கோ. மஞ்சள் தேமல் விழுந்த வெண்டைச் செடியைத் தனியாகப் பிடுங்கி எரித்துவிடுவது என் பழக்கம். அவரை, தட்டைப் பயறு கொடிகளை மட்டும் வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்துவிடுங்கள், வேர் முடிச்சில் இருக்கும் தழைச்சத்து மண்ணிலேயே தங்கட்டும்.

தக்காளியில் பச்சையாக நிற்பதையெல்லாம் தூக்கிப் போடத் தேவையில்லை. வெளிர்பச்சையாக, கொஞ்சம் வெண்மை கலந்து பளபளப்பாக இருப்பது முற்றின காய், செய்தித்தாளில் சுற்றி உள்ளறையில் வைத்தால் மெல்லப் பழுக்கும். கரும்பச்சையாக இருப்பது பழுக்காது, கூட்டு வைத்துவிடலாம். பூசணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், தோலில் நகம் இறங்கவில்லை என்றால் காம்பு ரெண்டு விரல் நீளத்துக்கு இருக்கும்படி அறுத்து, வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காமல் வைக்கோல் மேலோ உறியிலோ வையுங்கள். காம்பு உடைந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள், அழுகல் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

இனி வத்தல். எல்லாக் காய்க்கும் ஒரே முறை சரிப்படாது. சீனிஅவரை (கொத்தவரை என்று சொல்வார்களே, அதுதான்) பிஞ்சாக இருந்தால் முழுசாகவே, ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்ட கொதிநீரில் முக்கால் பதம் வேகவைத்து, நன்றாக வடித்துவிட்டுக் காயப்போட வேண்டும். கத்தரியை நீளவாக்கில் நாலாகக் கீறி உள்ளே புழு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உப்பும் நீர்க்கக் கரைத்த புளியும் சேர்ந்த தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுங்கள். வெண்டையை வேகவைக்கவே கூடாது, கொழகொழத்துப் போகும். கழுவித் துடைத்து, ஈரம் போனபின் ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி முதல் நாள் வெறுமனே காயவிட்டு, சாயங்காலம் உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, மறுநாளிலிருந்து திரும்பக் காயவையுங்கள்.

சுண்டைக்காய், மணத்தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் மோர்தான். சுண்டைக்காயைக் கல்லால் லேசாகத் தட்டிப் பிளந்து, கழுவி விதையில் பாதியாவது போகச் செய்தால் கசப்பு அளவோடு நிற்கும். மிளகாய் சதைப்பற்றாக, குட்டையாக இருப்பதை எடுத்து, காம்போடு விட்டு, நுனிப்பக்கம் சின்னதாகக் கீறுங்கள். கிலோ மிளகாய்க்கு அரை லிட்டர் கெட்டியான புளித்த மோரும் நூறு கிராம் கல்லுப்பும் கணக்கு. ரெண்டு நாள் ஊறட்டும், தினமும் குலுக்கிவிடுங்கள். மூன்றாம் நாள் மிளகாயை எடுத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும், மோர் முழுக்க உறிஞ்சி முடியும் வரைக்கும் இதே வேலைதான். உப்பில் ஒரு விஷயம் கவனியுங்கள்: காய் காய்ந்தால் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும், ஆனால் மோரில் போட்ட உப்பு அத்தனையும் காய்க்குள்ளேயே தங்கிவிடும். மோர் ருசிக்குச் சரியான உப்பு என்று தோன்றும் அளவில் நிறுத்திக்கொள்ள நினைக்காதீர்கள், உப்பு குறைந்தால் கெட்டுப்போகும். அதற்காகக் கூடுதலாகவும் அள்ளிப் போடக் கூடாது, பொரித்தால் வாயில் வைக்க முடியாது.

மொட்டை மாடியில் ஓலைப்பாய் விரித்து, அதன்மேல் பழைய வெள்ளை வேட்டி போட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மத்தியானம் ஒருதரம் புரட்டிவிட வேண்டும். காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்தால் பெரும்பாலும் போதும். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்து வந்து சுளகில் பரப்பி வையுங்கள், இரவுப் பனியில் விட்டால் பகலில் காய்ந்தது வீண். ஒரு வருஷம் பங்குனியில் மூன்றாம் நாள் மேகம் போட்டு வெயில் வரவே இல்லை, நான் பாதி காய்ந்த சீனிஅவரையைப் பையில் கட்டி வைத்துவிட்டேன், ரெண்டு நாளில் பூசணம் பூத்து ரெண்டு கிலோ காயும் போய்விட்டது. அப்படி மேகம் போட்டால் விசிறிக் காற்றில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். பூசணம் ஒரு துண்டில் கண்டாலும் துடைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தொகுதியே வேண்டாம்.

காய்ந்ததா என்பதை வெயிலில் சூடாக இருக்கும்போது பார்க்கக் கூடாது. நிழலில் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள், வளையாமல் முறிய வேண்டும். கலகலவென்று சத்தம் வந்தால் சரி. ஆறினபின் முதலில் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு நாலு நாள் வையுங்கள், தினமும் குலுக்குங்கள். உள்பக்கம் லேசாக வேர்த்தாலோ துண்டு ஒட்டிக்கொண்டாலோ மறுபடியும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். இதைத் தாண்டினால்தான் டப்பா, பரணி எல்லாம்.

விதை பற்றி எனக்கு ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கடைசியில் பறிக்க மறந்து முற்றிப்போன காயைத்தானே விதைக்கு எடுத்துவைக்கிறோம்? அது தப்பு. களைத்த செடியின் கடைசிக் காயில் விதையும் சின்னதாக, சொத்தையாகத்தான் இருக்கும். எங்கள் ஆச்சி மார்கழியிலேயே, நோயில்லாமல் நன்றாகக் காய்க்கும் செடியில் நடுப்பறிப்புக் காய் ரெண்டு மூன்றுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவாள், யாரும் தொடக்கூடாது. கத்தரி செடியிலேயே முழுக்க மஞ்சளாகப் பழுக்க வேண்டும், வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிப்பதற்கு முன் எடுக்க வேண்டும். சுரை, பீர்க்கு கொடியிலேயே காய்ந்து உள்ளே விதை குலுங்கினால் கூட்டோடு அப்படியே தொங்கவிடலாம். தக்காளி, கத்தரிச் சதையைப் பிசைந்து தண்ணீரில் ஒரு நாள் புளிக்கவைத்தால் வழுவழுப்பு நீங்கி நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், நிழலில் காயட்டும். சலித்த விறகுச் சாம்பல் கலந்து, பெயரும் மாதமும் எழுதி மூடி வையுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் இத்தனையும் செய்யாதீர்கள், அதே காய் திரும்ப வராது.

ஆனி மாதம் விதையை எடுத்து, ரகத்துக்குப் பத்து விதை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். வெண்டை நாலைந்து நாளில் சொல்லிவிடும், கத்தரிக்குப் பத்து நாள் வரைக்கும் பொறுங்கள். ஏழெட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். ஐந்துக்குக் கீழே வந்தால் குழிக்கு ரெட்டிப்பாகப் போடுங்கள், அந்தச் சமயத்திலேயே அக்கம்பக்கத்தில் யாரிடமாவது அதே ரகத்தில் ஒரு கைப்பிடி கேட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.