விற்கப்போகும் வீட்டின் முன்சுவரில் உப்புப் பொரிந்தால்: என் அனுபவம்

பாளையங்கோட்டை வீட்டை விலை பேசும் முன் கவனித்தது முன்சுவரின் அடிப்பகுதியைத்தான். தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும்.

அதன்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது வீண் செலவு. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறி, காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. செடிக்கு விடும் போர் தண்ணீர் சுவரில் தெறித்தால் இன்னும் மோசம். ஆகவே முதலில் சுவரோரச் செடிகளை இரண்டடி தள்ளி வைத்தோம்.

பொரிந்த இடத்துக்கு மேல் ஓரடி சேர்த்து, செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து உள்ளேயே போய்விடும். இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, 1:4 சிமென்ட்-மணல் கலவையில், சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்புரூஃப் திரவம் சேர்த்துப் பூசினோம். ஏழு நாள் நனைப்பு. பிறகு மூன்று வாரம் தொடவே கூடாது. அவசரப்பட்டால் புதுப் பூச்சின் காரம் பெயின்டைத் தின்றுவிடும்.

எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட், வெளிர் சந்தன நிறம். இரும்பு கேட்டுக்கு எமரித் தாள் தேய்த்து, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு, அதன்மேல் எனாமல் பெயின்ட்.

மாசி, பங்குனிதான் தோது. ஆடிக் காற்றில் ஈரப் பெயின்டில் தூசி அப்பும், ஐப்பசியில் மழை. கொத்திய சுவரைப் படம் எடுத்து வையுங்கள், வாங்குபவரிடம் காட்டலாம். மூடி மறைப்பது தப்பு.